பொறியியல் கட்டணமில்லாமல் கிடைக்கலாம், மனசு சி.ஏ. பக்கம் போகிறது. எதை எடுப்பது?

புதுவயல்காரி | மே 11, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. கணிதம் 94, இயற்பியல் 78, வேதியியல் 80, கணினி அறிவியல் 91. பொறியியல் கட் ஆஃப் 173 வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான், அதனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள் நான்.

அப்பா இங்கே ஒரு அரிசி ஆலையில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறார். லீவு நாட்களில் நானும் போய் உட்காருவேன். போன வருடம் ஒரு சாயங்காலம் மூட்டைக் கணக்கும் பணக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நானும் அப்பாவும் சீட்டு சீட்டாகப் புரட்டினோம். ஒரே லாரிச் சீட்டு இரண்டு தேதியில் ஏறியிருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். அன்று வந்த சந்தோஷம் எந்தப் பரீட்சை மார்க்குக்கும் வந்ததில்லை. அதிலிருந்து சி.ஏ. படித்து ஆடிட்டராக வேண்டும் என்று இருக்கிறது.

அம்மா, "காசில்லாமக் கிடைக்கிற இன்ஜினியரிங்கை யாராச்சும் விடுவாங்களா?" என்கிறார். அத்தை, டிகிரி முடித்து பி.எட். போய் டீச்சராகு என்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர்க்காரன் | மே 11, இரவு 10:45

தங்கச்சி, வாழ்த்துகள். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டுச் சென்னையில் ஒன்பது வருடமாக ஐ.டி. வேலையில் இருக்கிறேன். நான் அந்தப் படிப்பை எடுத்ததற்கு ஒரே காரணம், தெருவில் மூன்று அண்ணன்கள் அதை எடுத்திருந்தார்கள். முதல் இரண்டு வருடத்தில் ஆறு அரியர். படிப்பு கஷ்டம் என்பதால் மட்டும் வந்ததில்லை. எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்ததால் வந்தது. மூன்றாம் வருடம் ஒரு சீனியர் அண்ணன் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு புரோகிராமை முழுதாக எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இந்த வேலை என்னவென்றே எனக்குப் புரிந்தது.

ஒன்று கவனி. என் நாளில் பாதி நேரம் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை தேடுவதுதான். நீ லாரிச் சீட்டைக் கண்டுபிடித்த கதையைப் படித்தபோது எனக்கு என் வேலைதான் ஞாபகம் வந்தது. உனக்குப் பிடித்தது கணக்கா, பிழையைத் துரத்திப் பிடிப்பதா? இரண்டும் வேறு. பிழை தேடுவதுதான் என்றால் கம்ப்யூட்டரும் உனக்குப் பிடிக்கலாம். பள்ளியில் பைத்தான் படித்திருப்பாய். பத்து நாள், தினம் இரண்டு மணி நேரம், அப்பாவின் மூட்டைக் கணக்கைச் சரிபார்க்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பார். பதினோராவது நாள் உன் மனசு என்ன சொல்கிறது என்று இங்கே வந்து எழுது.

கல்லூரி பார்க்கும்போது ஒரு விஷயம். வாசலில் தொங்கும் பேனரில் அதிகபட்சச் சம்பளத்தைத்தான் போடுவார்கள். அது ஒரு பையன் வாங்கியது. நீ கேட்க வேண்டியது, உன் துறையில் கடைசி வருடம் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேருக்கு ஆஃபர் வந்தது, வரிசையில் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்பது. பதில் சொல்லத் தயங்கினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடு.

பள்ளத்தூர் ஆச்சி | மே 12, காலை 6:10

ஆத்தா, நான் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் இருப்பதைச் சரியாக எண்ணுவோம்.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அம்மா சொல்வது லேசான பேச்சு இல்லை. அதை ஒதுக்கிவைத்துவிட்டு முடிவு எடுக்காதே. அந்த ஒதுக்கீட்டில் போன வருடம் எந்த மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பொதுப்பட்டியலைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். காரைக்குடியிலேயே அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, 1952-ல் தொடங்கியது. வீட்டிலிருந்தே போய்வரலாம்.

ஆகவே இப்போது கலந்தாய்வுக்குப் பதிவு மட்டும் செய்துவிடு. சான்றிதழ் சரிபார்ப்பும் முடியட்டும். கல்லூரி விருப்பப் பட்டியல் நிரப்பும் நாள் வரைக்கும் உனக்கு யோசிக்க அவகாசம் இருக்கிறது. ஆனால் போக மனசில்லாத இடத்தை எடுத்து வைத்துக்கொண்டு விடக் கூடாது. அது இன்னொரு அரசுப் பள்ளிப் பிள்ளையின் இடம்.

இன்னொன்று. சி.ஏ.வுக்காக டிகிரியை அஞ்சல் வழியில் படிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருவது கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கும் பிள்ளைகளுக்கு. அஞ்சல் வழிக்கு வராது. உன் வீட்டில் அந்த ஆயிரம் பெரிய தொகை என்றால் அதையும் கணக்கில் சேர்.

தேவகோட்டை ஆடிட்டர் | மே 12, மதியம் 1:30

சி.ஏ. பற்றிக் கேட்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நானும் சிறிய கடைக்காரர் வீட்டிலிருந்து வந்தவன்தான்.

மூன்று படிகள். முதல் படி ஃபவுண்டேஷன். பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவரும் எழுதலாம். நான்கு தாள், மொத்தம் 400 மதிப்பெண். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வர வேண்டும். கணக்குப் பதிவியல், வணிகச் சட்டம், கணிதமும் புள்ளியியலும் தர்க்கமும் சேர்ந்த ஒரு தாள், பொருளாதாரம். கடைசி இரண்டு தாளும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. தப்புக்குக் கால் மதிப்பெண் போய்விடும். கணிதத்தில் 94 வாங்கியவளுக்கு மூன்றாவது தாள் கைகொடுக்கும். கணக்குப் பதிவியல்தான் உனக்குப் புதிது. பற்று வரவு என்ற அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆலையில் பார்த்துப் பழகியது உதவும், ஆனால் போதாது.

அடுத்து இன்டர்மீடியட், இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று தாள். இரண்டு குரூப்பும் முடிந்ததும் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடப் பயிற்சி. முன்பு மூன்று வருடமாக இருந்ததை 2023-ல் கொண்டுவந்த புதிய முறையில் இரண்டாகக் குறைத்தார்கள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. நம் பக்கத்து அலுவலகங்களில் அது சின்னத் தொகைதான், சென்னையில் பெரிய அலுவலகம் என்றால் கூடும். அதற்கு அப்புறம் ஃபைனல், மறுபடி இரண்டு குரூப். எல்லாவற்றையும் முதல் தடவையே முடித்தாலும் நான்கு வருடத்துக்குப் பக்கம் ஆகிவிடும். முதல் தடவையே முடிப்பவர்கள் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நம் ஊரில் இந்தப் படிப்பைப் புரியவைக்க ஒரு வழி இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில், ஊரிலிருந்து போகும் பையன் முதலில் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை செய்வான், பெரியவர்கள் எழுதும் குறிப்பையும் பேரேட்டையும் பார்த்துப் பழகுவான். அப்புறம் அடுத்தாள், அதாவது உதவியாள். அப்புறம் மேலாள், கடைப் பொறுப்பு அவனிடம். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஐந்தொகை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் இறுதிக் கணக்கு, எடுத்து முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். பையனுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செய்து கற்றான். சி.ஏ. பயிற்சி அந்த வழியில் வந்தது போலவே இருக்கும். புத்தகத்தில் படித்த சட்டம் ஒரு கடைக்காரரின் பில் கட்டில் எப்படி வந்து நிற்கிறது என்று அங்கேதான் தெரியும்.

உனக்கு ஒரு கேள்வி. ஆலையில் 26 கிலோ மூட்டை பார்த்திருப்பாய். அது ஏன் வந்தது என்று அப்பாவிடம் கேட்டாயா?

புதுவயல்காரி | மே 12, இரவு 8:05

கேட்டேன் ஐயா. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்கும் பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததாம். 25-ஐத் தாண்டினால் அந்த வரி இல்லை, அதனால் பல ஆலைகள் 26 கிலோ போட ஆரம்பித்ததாம். அப்பா இதைச் சொல்ல அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பழைய பையும் புதுப் பையும் எடுத்து வந்து காட்டினார். இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

தேவகோட்டை ஆடிட்டர் | மே 12, இரவு 8:40

ஒரு வரிச்சட்டம் ஒரு மூட்டையின் எடையை மாற்றியது. இதைக் கேட்டபோது உனக்கு இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதா, சரி தெரிந்துகொண்டோம் என்று விட்டுவிடத் தோன்றியதா? அதை உனக்குள் கேட்டுக்கொள். என் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

காரைக்குடியில் தெரிந்த ஆடிட்டர் யாரிடமாவது அனுமதி வாங்கி, ஒரு வாரம் அலுவலகத்தில் சும்மா உட்கார்ந்து பார். மாதம் 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் நாட்கள். அதை ஒட்டிப் போ. வேலை நெருக்கும் நாளில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

குன்றக்குடி அப்பா | மே 13, காலை 7:15

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன், பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் மகன் பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. எழுதினான். ஃபவுண்டேஷன் முதல் தடவையே பாஸ். வீட்டில் லட்டு வாங்கிக் கொடுத்தோம். இன்டரில் ஒரு குரூப் நான்கு தடவை போயிற்று. ஒவ்வொரு தடவையும் ஐந்து மார்க், எட்டு மார்க்கில் நின்றது. "இன்னொரு தடவை எழுது தம்பி" என்று சொன்னவன் நான்தான். அவன் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டான், நான் நிறுத்து என்று சொல்லப் பயந்தேன். இரண்டு பேரும் பேசாமலே மூன்று வருடம் போனது. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்த் தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். இவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். இப்போது 26 வயது, ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த மூன்று வருடம் அவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் விழுந்தால் தாங்க ஆள் கிடையாது. பொறியியல் நான்கு வருடம், எட்டு செமஸ்டர், அரியர் வைத்தாலும் ஒரு முடிவு உண்டு. அதுவும் காசில்லாமல். நான் உன் அப்பா இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

தேவகோட்டை ஆடிட்டர் | மே 13, காலை 9:50

அண்ணே, நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட நான் மறுக்க மாட்டேன். என்னோடு தொடங்கியவர்களில் பாதிப் பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தம்பி தோற்றுப்போனார் என்று வைக்காதீர்கள். ஒரு குரூப் முடித்தவருக்குக் கணக்கு வேலையில் மதிப்பு உண்டு, அதனால்தான் அந்த வேலையில் இருக்கிறார். குறை எங்கே என்றால், எத்தனை தடவை எழுதுவது என்று தொடக்கத்திலேயே யாரும் பேசி வைக்கவில்லை. இந்தப் பிள்ளை பேசி வைக்க வேண்டும். எந்த மாதத்துக்குள் எது முடியவில்லை என்றால் எந்தப் பக்கம் திரும்புவது என்று, அப்பா அம்மா முன்னால், ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.

செக்காலை ரோடு | மே 13, காலை 11:30

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 இரண்டுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். வங்கித் தேர்வுக்கும் யு.பி.எஸ்.சி.க்கும் அப்படியே. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே தகுதி. அரசு வேலைதான் குறி என்றால் படிப்பின் பெயருக்காக இவ்வளவு யோசிக்க வேண்டாம், பிடித்த பாடத்தை எடு, பாடம் பிடித்தால்தான் மூன்று வருடம் வகுப்புக்குப் போவாய். நான் பி.ஏ. வரலாறு. இப்போது அரசு ஊழியன்.

ஆத்தங்குடிப் பையன் | மே 13, மாலை 4:00

அக்காவின் இழையில் என் கேள்வியையும் கேட்கலாமா? நானும் பிளஸ் டூ, கணிதக் குரூப்தான். எங்கள் வீட்டில் டைல்ஸ் பட்டறை. கண்ணாடி மேல் கலர் சிமென்ட் ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்போம். எட்டு வயசிலிருந்து செய்கிறேன். சிவில் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பழைய வீடுகளைச் சரிசெய்யும் வேலை செய்ய ஆசை. சிவிலா, ஆர்க்கிடெக்சரா?

கானாடுகாத்தான் அக்கா | மே 13, இரவு 9:10

தம்பி, நான் கட்டடக் கலை படித்தவள், பழைய வீடுகளில்தான் வேலை. இங்கே வருகிற பாதிப் பேருக்கு ஆத்தங்குடிக் கல் எப்படி உருவாகிறது என்று தெரியாது, உனக்கு எட்டு வயசிலிருந்து தெரியும். அது பெரிய சொத்து.

பி.ஆர்க். ஐந்து வருடம். நாட்டா என்ற கட்டடக் கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் நாட்டாவுக்கு 200, பிளஸ் டூவுக்கு 200 என்று 400-க்குத் தரவரிசை. திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடங்களுக்கு ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாள். படிப்பு முடித்து, 1972-ஆம் வருடச் சட்டப்படி கட்டடக் கலை கவுன்சிலில் பதிந்தால்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். படிப்புச் செலவு சிவிலைவிடக் கூடும், வரைபடத் தாள், மாடல், கம்ப்யூட்டர் என்று போய்க்கொண்டே இருக்கும். முதல் நான்கைந்து வருடம் சம்பளமும் குறைவுதான். இதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு.

வேலை என்ன என்று கேட்டால், பழைய வீட்டில் சுவர் ஏன் ஈரம் குடிக்கிறது என்று கண்டுபிடிப்பதில் தொடங்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் மேல் யாரோ சிமென்ட் பூசியிருப்பார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சு உப்பி விழும். அதை உரித்து, பழைய கலவையைப் பரிசோதித்து, அதே மாதிரி சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். பர்மா தேக்குத் தூணில் கரையான் ஏறியிருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு முப்பது பங்காளிகள் இருப்பார்கள், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்க் கூட்டம் 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறியது. அதற்குப் பிறகும் வீடுகள் இடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. தூணையும் கதவையும் பிரித்து விற்கிறார்கள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது. உன் மாதிரிப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று மனசாரச் சொல்கிறேன்.

சிவில் எடுத்தாலும் இந்தப் பக்கம் வரலாம். பழைய கட்டடத்தின் பாரம் எங்கே இறங்குகிறது என்று கணக்குப் போடும் ஆள் எங்களுக்கு எப்போதும் தேவை. வரைவது பிடிக்குமா, கணக்குப் போடுவது பிடிக்குமா என்று பார். அடுத்த வாரம் ஒரு வீட்டில் ஓடு மாற்றுகிறோம். வீட்டில் சொல்லிவிட்டு வா, மேலே ஏறிப் பார்.

கல்லுக்கட்டித் தாத்தா | மே 14, காலை 6:45

பேத்தி, நம் ஊரில் இருக்கும் ஒன்றை யாரும் சொல்லவில்லையே. சிக்ரி. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து அதை இங்கே கொண்டுவந்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் வைத்தார், 1953 பொங்கல் நாளில் திறந்தார்கள். அங்கே ஆராய்ச்சி மட்டும் இல்லை, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்து வேதிப் பொறியியலும் மின்வேதியியலும் சேர்ந்த பி.டெக். படிப்பும் இருக்கிறது. பேட்டரி, முலாம் பூசுவது, இரும்பு அரிப்பைத் தடுப்பது எல்லாம் அங்கே பாடம். ராமேசுவரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் கடல் காற்றில் தகடுகளை வைத்து எப்படி அரிக்கிறது என்று பார்க்கும் இடம்கூட அவர்களுக்கு உண்டு. மின்சார வண்டி ஓடுகிற காலத்தில் பேட்டரி தெரிந்த பிள்ளைக்கு மரியாதை கூடத்தான் செய்யும். வேதியியல் உனக்குப் பிடிக்காவிட்டால் விடு. இதைப் படிக்கும் வேறு பிள்ளைக்கு உதவட்டும். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து படிக்கிறார்கள், உள்ளூர்ப் பிள்ளைக்குக் கேட் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் தெரிகிறது.

பி.எஸ்சி. வேதியியல், இயற்பியல் எடுத்து ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு: எம்.எஸ்சி. முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். 2023-லிருந்து இந்தத் தொகை. படிக்கப் பணம் இல்லை என்று ஆராய்ச்சி ஆசையை விட்டுவிட வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி | மே 14, காலை 8:20

குன்றக்குடித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி யோசித்தேன். பொறியியலா சி.ஏ.வா என்று இரண்டையும் தராசில் வைத்துக்கொண்டே இருக்கிறோம். நடுவில் ஒன்று இருக்கிறது. பி.எஸ்சி. கணிதம்.

பி.காம். கிடைத்தால் நல்லதுதான், பாடம் சி.ஏ.வோடு ஒத்துப்போகும். ஆனால் கணிதக் குரூப் பிள்ளைகளை எந்தக் கல்லூரி எடுக்கிறது என்று கேட்க வேண்டும், வணிகவியல் படித்தவர்களுக்கு முதலிடம் கொடுப்பார்கள். மேலும் பி.காம்.மும் சி.ஏ.வும் ஒரே திசை. சி.ஏ. நின்றால் கையில் மீதம் இருப்பதும் அதே பாதைதான். கணிதம் அப்படி இல்லை. ஃபவுண்டேஷனோ இன்டரோ தள்ளிப்போனால், பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதலாம், உன் அத்தை சொல்வதும் நடக்கும். எம்.சி.ஏ. போய்க் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பலாம். ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். வங்கித் தேர்வுக்குக் கணிதக்காரர்கள் பயப்படவே மாட்டார்கள். மாதம் ஆயிரமும் வரும். டவுன் பஸ்ஸில் போய்வரலாம்.

இதில் கஷ்டமும் இருக்கிறது. கல்லூரியில் பகுப்பாய்வும் இயற்கணிதமும் நடத்துவார்கள், நிரூபணம் எழுத வேண்டும். பள்ளிக் கணக்கு மாதிரி விடை வந்தால் முடிந்தது என்று இருக்காது. காலையில் அதையும் ராத்திரியில் பேரேட்டையும் படிக்க உடம்பும் மனசும் வேண்டும்.

கோட்டையூர்க்காரன் | மே 14, காலை 9:05

ஆச்சி சொன்னது நன்றாக இருக்கிறது. என் டீமில் இரண்டு பேர் பி.எஸ்சி. கணிதம் முடித்து எம்.சி.ஏ. படித்தவர்கள்.

குன்றக்குடி அப்பா | மே 14, மாலை 6:30

ஆச்சி, இப்படி எங்கள் வீட்டுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. பிள்ளை சி.ஏ. எழுதட்டும், ஆனால் நிறுத்தும் நாளை முன்பே குறிக்கட்டும். என் மகனிடம் இந்த இழையைக் காட்டினேன். இன்டர் கணக்குப் பதிவியல் நோட்டு எல்லாம் வைத்திருக்கிறானாம், வேண்டும் என்றால் கொடுக்கிறேன் என்றான். அவனாக வாயைத் திறந்து அந்தப் படிப்பைப் பற்றிப் பேசி வெகு நாளாயிற்று.

புதுவயல்காரி | ஜூன் 22, இரவு 9:40

இவ்வளவு நாள் எழுதாததற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும். சொன்னதை எல்லாம் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கோட்டையூர் அண்ணா, பத்து நாள் பைத்தான் எழுதினேன். மூட்டைச் சீட்டு எண் இரண்டு தடவை வந்தால் காட்டும் புரோகிராம் எட்டாம் நாள் ஓடியது. அப்பாவின் ஒரு மாதக் கணக்கைப் போட்டதில் ஒரு சீட்டு மாட்டியது. பிடிக்கவில்லை என்று சொல்லவே மாட்டேன். ஆனால் சீட்டு மாட்டியதும் எனக்கு வந்த முதல் யோசனை, இது ஏன் இரண்டு தடவை ஏறியது, லாரிக்காரர் இரண்டு பிரதி கொடுத்தாரா, பணமும் இரண்டு தடவை போயிருக்கிறதா என்பதுதான். புரோகிராமை இன்னும் நன்றாக எழுதலாமே என்று தோன்றவில்லை. என் மனசு எங்கே போகிறது என்று அப்போது தெரிந்தது.

ஜூன் 15-லிருந்து 20 வரை காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் அம்மா அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு நாள் பில்களைத் தேதி வாரியாக அடுக்கும் வேலை. சலிப்பாகத்தான் இருந்தது. 19-ஆம் தேதி ஒரு பாத்திரக் கடைக்காரர் பில் கட்டை ஒரு மஞ்சள் பையில் கொட்டிவிட்டு, நாளைக்குள் முடிக்க வேண்டும் என்றார். அங்கே பயிற்சியில் இருக்கும் அக்கா ராத்திரி எட்டரை வரை இருந்தார். அவருக்கும் இன்டரில் ஒரு குரூப் ஒரு தடவை போயிருக்கிறது. போன அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததையும் சொன்னார். கடைசி நாள் அம்மாவையும் கூட்டிப் போனேன். அந்த அக்கா வேலை செய்வதை அம்மா ஒரு மணி நேரம் பேசாமல் பார்த்தார். வெளியே வந்து, "உங்கப்பாவுக்கு முதலாளி ஏசினா எழுந்து நிக்கணும். இந்தப் பொண்ணு உக்காந்த இடத்திலிருந்து முதலாளியக் கேள்வி கேக்குது" என்றார்.

ஒரு கல்லூரியில் பி.காம்.முக்குக் கேட்டோம், வணிகவியல் குரூப்புக்கே இடம் நிறைந்துவிட்டது. மகளிர் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. பணம் கட்டிவிட்டோம். பொறியியலுக்குப் பதிவு செய்திருந்தேன், விருப்பப் பட்டியல் நிரப்பப் போவதில்லை.

ஆடிட்டர் ஐயா சொன்னபடி ஒரு தாளில் எழுதினோம். ஃபவுண்டேஷன் இரண்டு தடவை மட்டும். பட்டம் முடிவதற்குள் இன்டரில் ஒரு குரூப்பாவது முடிய வேண்டும். முடியவில்லை என்றால் பி.எட். அல்லது எம்.சி.ஏ., அதை அப்போது நான் முடிவு செய்வேன், யாரும் "இன்னொரு தடவை" என்று சொல்லக் கூடாது. அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது அப்பா. குன்றக்குடி ஐயா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, ஆலைக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம்.

ஆச்சி, கல்லூரி திறக்கும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களிடம் வரலாமா? புள்ளியியலில் எனக்குச் சந்தேகம் நிறைய இருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி | ஜூன் 23, காலை 5:50

நாலு மணிக்கு வா ஆத்தா. நோட்டு மட்டும் கொண்டு வா, புத்தகம் என்னிடம் இருக்கிறது. கல்லூரி திறந்த பிறகும் வா.

ஆத்தங்குடிப் பையன் | ஜூன் 23, காலை 10:15

அக்கா, நானும் ஓடு மாற்றும் வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் போனேன். நாட்டா எழுதியாயிற்று.

தேவகோட்டை ஆடிட்டர் | ஜூன் 23, மதியம் 2:00

புதுவயல் பிள்ளைக்கு: ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்த நாளுக்கும் தேர்வு மாதத்தின் முதல் தேதிக்கும் நடுவில் நான்கு மாதம் இருக்க வேண்டும். ஜனவரியில் எழுத வேண்டும் என்றால் செப்டம்பர் 1-க்குள் பதிந்துவிடு. கடைசி நாளுக்கு விடாதே, ஆகஸ்ட் முதல் வாரமே முடி. கட்டணத்தை இணையத்தில் கட்டும்போது ரசீதை எடுத்து வைத்துக்கொள். குன்றக்குடித் தம்பியின் நோட்டு இன்டருக்கானது, இப்போது எடுத்துப் படித்துக் குழம்ப வேண்டாம், வாங்கிப் பத்திரமாக வை.

குன்றக்குடி அப்பா | ஜூன் 23, இரவு 7:20

ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூருக்கே கொண்டு வந்து கொடுக்கிறேன் என்று மகன் சொல்கிறான். ஆச்சி வீட்டு அடையாளம் மட்டும் தனியாக அனுப்புங்கள்.